உடன் வருவது எது?

(சாம்பியன் ரீப்ஸ் உபாசகர் கூட்டத்தில் பௌர்ணமி உபோசத நாளன்று நிகழ்த்திய அறவுரை)





வழக்கமாக இம்மேடையில் திரிபிடகத்தினின்று ஒரு சூத்திரத்தை எடுத்து அதன் பொருளை விரிப்பது மரபு. இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒலிபெருக்கியினின்று வந்தது. நம் தெருக்களில் அன்றாடம் ஒலிக்கும் திரைப்பாட்டைப் பற்றியே பேச வந்துள்ளேன். இதென்ன புதுமை என்று பெரியோர் எண்ண வேண்டா. ஏன் இதனை எடுத்தேன் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் லைன் வீடுகளில் ஒரு முதியவர் காலமானார். சுரங்கத்தில் நெடுநாள் உழைத்தவர். பஞ்சசீலம் ஏற்ற குடும்பத்தினர். இறுதி ஊர்வலத்திலே மேளமும் இருந்தது; ஒலிபெருக்கியில் திரைப்பாட்டும் இருந்தது. உறவினர் ஒவ்வொருவரும் எதுவரை உடன் வருவர், முடிவில் வருபவர் யார் என்று கேட்கும் அந்தப் பாட்டை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். அடக்கம் முடிந்து திரும்புகையில் அம்முதியவரின் மகன் மது அருந்தி நின்றார். யான் அருகிற் சென்று, "தம்பி, தந்தையார் காத்த ஐந்தாவது சீலத்தை இன்றேனும் காத்திருக்கலாகாதா?" என்றேன். அவர் அழுதுகொண்டே, "ஐயா, ஒன்றும் கூட வராது என்று பாட்டே சொல்லிவிட்டதே! சீலம் மட்டும் வருமா? தானம் மட்டும் வருமா? எல்லாம் மண்தான்" என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. பாட்டு கேட்டது ஒரு கேள்வி. அவர் கேட்டுக்கொண்டதோ ஒரு விடை. கேள்விக்கும் விடைக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியிலே ஒரு மனிதனின் வாழ்க்கை வழுக்கி வீழ்ந்துவிடக் கூடும். ஆதலின் பாட்டுக்குப் பொருள் கொள்வது எங்ஙனம் என்று ஆராய்வது வீண் வேலையன்று. அதுவும் தம்மப் பணியே.

முதலில் ஓர் ஐயத்தை நீக்குவோம். பௌத்தர் பாட்டுக் கேட்கலாமா? உபோசத நாளில் எட்டுச் சீலம் ஏற்பவர் ஆடல், பாடல், வாத்தியம், வேடிக்கை ஆகியவற்றை விலக்க வேண்டும். இன்று சீலம் ஏற்றவர்கள் அதனைக் காத்துக்கொள்க. ஆனால் இல்லறத்தார் நாள்தோறும் காக்கும் ஐந்து சீலங்களில் அவ்விலக்கு இல்லை. தீக நிகாயத்திலே சக்கபஞ்ஹ சூத்திரம் என்று ஒன்று உண்டு. பகவன் இந்தசாலக் குகையில் வீற்றிருந்தபோது, பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வில்வ மரத்தாலாகிய யாழை மீட்டிப் பாடினான். அவன் பாடியது காதற் பாட்டு. தான் விரும்பிய நங்கையை நினைந்து பாடுகையில் புத்தரையும் தம்மத்தையும் அருகந்தரையும் இடையிடையே கோத்துப் பாடினான். பகவன் அவனைக் கடிந்தாரா? இல்லை. நரம்பின் ஒலியும் மிடற்றின் ஒலியும் ஒன்றையொன்று மீறாமல் இசைந்தன என்று பாராட்டி, இப்பாட்டை எப்போது இயற்றினாய் என்று பரிவோடு வினவினார். பாட்டைக் கேட்டுப் பொருளறிந்து, அது பிறந்த காலத்தையும் விசாரித்தார். கேட்கும் முறை அது.

அங்குத்தர நிகாயத்திலே இதற்கொரு மறுபக்கமும் உண்டு. தம்மத்தையே நீட்டி முழக்கி இசைத்தால் ஐந்து தீங்குகள் விளையும் என்று பகவன் எச்சரித்தார். பாடுபவன் தன் குரலிலே மயங்குவான், கேட்பவர் அக்குரலிலே மயங்குவர், இல்லறத்தார் குறை கூறுவர், மனவொருமை கலையும், பின்வருவோர் அதனையே வழக்கமாக்கிக் கொள்வர். இசையின்பால் வெறுப்பு அவருக்கு இல்லை என்பதைப் பஞ்சசிகன் கதை காட்டுகிறது. இங்கே அவர் அஞ்சியது இசை பொருளை விழுங்கிவிடுவதை. தம்மத்தையே இசை விழுங்கக் கூடுமாயின், திரைப்பாட்டின் பொருளை அது விழுங்குவதில் வியப்பென்ன? நம் இளைஞர் ஆயிரம் பாட்டுகளை மனப்பாடமாக அறிவர். அவற்றுள் எத்தனையின் பொருளை நின்று நினைத்திருப்பர்?

இன்னும் ஒன்று கேளுங்கள். எளியோர் பாட்டுக்குப் பௌத்தம் கொடுத்த இடம் வேறு எங்கும் எளிதிற் காணக் கிடையாது. தேரகாதை, தேரிகாதை என்னும் இரு நூல்களும் திரிபிடகத்திலேயே வைத்துப் போற்றப்படுகின்றன. அவற்றில் யார் யார் பாடினர்? இழிகுலத்தவன் என்று ஒதுக்கப்பட்டு வாடிய பூக்களைக் கூட்டிப் பிழைத்த சுனீதர் பாடினார். அடிமையாய்த் தண்ணீர் சுமந்த புண்ணிகை, பனியிலே நீராடிப் பாவத்தைக் கழுவ நின்ற பார்ப்பனரை நோக்கி, நீரிலே முழுகுவதால் தூய்மை வருமாயின் தவளையும் ஆமையுமன்றோ முதலில் சுவர்க்கம் புகும் என்று வினவிப் பாடினாள். மகளை இழந்து சுடலையிற் புலம்பிய உப்பிரியும் பாடினாள். அவள் ஜீவா, ஜீவா என்று மகளின் பெயரைச் சொல்லி அழுகையில், அப்பெயருடைய எண்பத்துநாலாயிரம் பேர் இச்சுடலையில் எரிந்தனரே, இவர்களுள் யாருக்காக அழுகிறாய் என்று பகவன் கேட்டார். அக்கேள்வியே அவள் நெஞ்சத்து முள்ளைப் பறித்தது. நம் தாய்மார் மாரடித்துப் பாடும் ஒப்பாரிக்கும் உப்பிரியின் பாட்டுக்கும் தொடக்கம் ஒன்றே. ஒப்பாரி அழுகையோடு நின்றது. உப்பிரியின் பாட்டு அழுகையைக் கடந்து அறிவில் முடிந்தது. ஆகவே ஊரார் பாட்டை இழிந்தது என்று தள்ளாதீர்கள். அது நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னே நடத்துவதே நம் வேலை.

நிற்க. வழக்கிலுள்ள வாக்கியங்களுக்குப் பொருள் தேடும் இவ்வேலை நமக்குப் புதிதன்று. 1898-ஆம் ஆண்டில் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 முதல் நடத்திய பத்திரிகையிலே இதனையே செய்தார். ஔவையின் நீதி வாக்கியங்களையும், திருக்குறளையும், பண்டிகைகளையும், ஊரார் வழங்கும் பழமொழிகளையும் எடுத்து, அவற்றின் அடியிலே புதைந்து கிடக்கும் புத்த தன்மத்தைத் தோண்டிக் காட்டினார். பாறையை உடைத்துப் பொன்னெடுக்கும் நம் முன்னோர்க்கு அம்முறை எளிதில் விளங்கிற்று. மாரிக்குப்பத்திலும் இச்சாம்பியன் ரீப்ஸிலும் சங்கக் கிளைகள் தழைத்தன. 1914-இல் பண்டிதர் மறைந்தபின், 1926-இல் "தமிழன்" பத்திரிகை க. அப்பாதுரையார் ஆசிரியப் பொறுப்பில் இக்கோலார் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. நிலத்தின் கீழே உடல் வருந்தி ஈட்டிய கூலியிலிருந்து பைசா பைசாவாகக் கொடுத்து அறிவை வளர்த்தவர்கள் நம் பாட்டன்மார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பொருள் கூறும் ஆசையிலே பொய் கூறலாகாது. நமக்குப் பிடித்த பாட்டை எழுதியவரெல்லாம் பௌத்தர் என்று சாதித்தால் நான்காவது சீலம் கெடும். பாடியவர் கருத்து இது, யாம் அதனின்று கொள்ளும் பயன் இது என்று இரண்டையும் பிரித்துச் சொல்வதே நேர்மை. காலாமருக்குப் பகவன் ஓர் அளவுகோல் கொடுத்தார். வழிவழியாகக் கேட்டது என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ, சொன்னவர் பெரியவர் என்பதற்காகவோ ஏற்க வேண்டா. அது உள்ளத்திலே பேராசையையும் பகையையும் மயக்கத்தையும் வளர்க்கிறதா, தேய்க்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள் என்றார். பாட்டுக்கும் அதுவே அளவுகோல்.

இவ்வளவுகோலை வைத்து இரண்டு பாட்டுகளை அளந்து பார்ப்போம்.

1958-இல் வெளிவந்த "நாடோடி மன்னன்" படத்திற்குப் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் ஒரு பாட்டு எழுதினார். தம்பி ஒருவனை விளித்து, உறக்கத்தை விடு, சோம்பேறி என்னும் பெயரைச் சம்பாதிக்காதே என்று அறிவுறுத்தும் பாட்டு அது. உழவர் குடியிற் பிறந்து, உழைப்பவர் சார்பிலே நின்று பாடி, 1959-இல் இருபத்தொன்பதாம் வயதிலே மறைந்தவர் அவர். அவர் பௌத்தராய் நின்று பாடவில்லை. உழைக்கும் மக்கள் விழிக்க வேண்டுமென்று பாடினார். இதனைத் தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரமாகிய அப்பமாத வர்க்கத்தோடு வைத்துப் பாருங்கள். மடியாமையே சாவாத நிலைக்கு வழி, மடிமையே சாவுக்கு வழி என்றும், உறங்குவோரிடையே விழித்திருக்கும் அறிவுடையோன் நொண்டிக் குதிரையை முந்தும் விரைபரி போல முன்னேறுவான் என்றும் பகவன் அங்கே போதிக்கிறார். குசிநகரில் அவர் இறுதியாக அருளியதும் மடியாமை ஒன்றையே.

ஆனால் விழிப்பு என்பது கண்ணைத் திறந்திருப்பதா? இரவு முறை வேலை செய்து வந்த நம் தந்தையர் பகலில் உறங்கினர், அது சோம்பலன்று. இன்றைக்கு நம் மக்கள் விடியுமுன் எழுந்து புகைவண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவிலே திரும்புகின்றனர். அவர்களைப் பார்த்து உறங்காதே என்று சொல்வது கொடுமை. பகவன் கேட்பது மனத்தின் விழிப்பு. சினம் எழும்போது சினம் எழுந்தது என்று அறிதல், கை மதுக்கிண்ணத்தை நாடும்போது கை நாடுகிறது என்று அறிதல், இதுவே அப்பமாதம். கவிஞர் வெளியுலகிலே விழிக்கச் சொன்னார். அறம் அதனோடு உள்ளேயும் விழிக்கச் சொல்கிறது. இரண்டும் முரணுவன அல்ல.

இனி, அந்த இளைஞரைக் கலக்கிய பாட்டுக்கு வருவோம். 1962-இல் வெளிவந்த "பாத காணிக்கை" படத்திற்குக் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்-இராமமூர்த்தி இசையமைக்க, டி. எம். சௌந்தரராசன் பாடியது அது. உறவுகள் ஒவ்வொன்றும் எந்த எல்லையிலே நின்றுவிடும் என்று வரிசைப்படுத்தி, இறுதிவரை துணை யார் என்று கேட்டு நிறுத்துகிறது. இக்கருத்துக்கு மூலம் பட்டினத்தார் பெயரால் வழங்கும் ஒரு பழம்பாடல். அதிலும் பொருள் வீட்டோடு நிற்கும், மனைவி தெருவோடு நிற்பாள், மைந்தர் சுடுகாட்டோடு நிற்பர் என்ற வரிசையே உள்ளது. ஆனால் அங்கே கேள்வி இல்லை, விடை உண்டு. புண்ணியமும் பாவமும் ஆகிய இருவினைகளே தொடர்ந்து வரும் என்று அது முடிகிறது.

பழைய பாட்டிலிருந்த விடையைப் புதிய பாட்டு சொல்லாமல் விட்டது. கவிஞரைக் குறை கூறவில்லை. கேள்வியோடு நிறுத்துவதும் கேட்பவனைச் சிந்திக்க வைக்கும் ஒரு வழியே. ஆயினும் சிந்திக்காமல் கேட்பவன் ஒருவரும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தானே ஒரு விடையை இட்டு நிரப்பிக் கொள்கிறான். அங்கேதான் பௌத்தன் எழுந்து நின்று விடை கூற வேண்டும்.

பகவன் தம்மபதத்திலே கூறும் உவமை இது: நெடுநாள் வெளியூர் சென்று நலமாய்த் திரும்பியவனை உற்றாரும் நண்பரும் எதிர்கொண்டு வரவேற்பது போல, இவ்வுலகை விட்டுச் சென்றவனை அவன் செய்த நற்செயல்கள் எதிர்கொள்ளும். இவ்வுவமையின் இனிமையை நோக்குங்கள். பாட்டிலே உறவினர் ஒவ்வொருவராய்ப் பின்தங்குகின்றனர். பகவன் வாக்கிலே நற்செயல்கள் உறவினராய் முன்னே வந்து நிற்கின்றன. மேலும், யான் என் செயலுக்கே உரியவன், என் செயலுக்கே வாரிசு என்று ஒவ்வொருவரும் நாள்தோறும் நினைக்க வேண்டுமெனவும் அவர் விதித்தார்.

இங்கே ஒரு பெருந்தவற்றினின்றும் உங்களைக் காக்க வேண்டியவனாயுள்ளேன். வினை என்றவுடன் தலையெழுத்து என்று பொருள் கொள்ளாதீர்கள். முற்பிறப்பிற் செய்த பாவத்தால் தாழ்ந்த குலத்திலே பிறந்தாய், பொறுத்துக் கிட என்று நம் முன்னோர்க்கு உபதேசித்தவர் உண்டு. அந்தப் பொய்யை உதறித்தானே நாம் புத்தரிடம் சரண் புகுந்தோம்! பிறப்பால் ஒருவன் உயர்ந்தோனும் ஆகான், தாழ்ந்தோனும் ஆகான், செயலாலேயே ஆவான் என்று வாசெட்டருக்கு உரைத்தவர் நம் ஆசான். வினை என்று யான் சொல்வது எண்ணத்தையே என்றும் அவரே வரையறுத்தார். எண்ணி இன்று செய்வதே வினை.

இன்னும் தெளிவாக, சீவகன் என்னும் பரிவிராசகன் பகவனை அணுகி, மனிதன் நுகரும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையின் பயனே என்கின்றனரே, உண்மையா என்று கேட்டான். இல்லை என்றார் பகவன். பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாறுபாடு, உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல் முதலியவற்றாலும் துன்பம் வரும்; எல்லாம் முன்வினை என்பவர் கண்கூடாகத் தெரிவதையும் கடந்து பேசுகின்றனர் என்றார்.

இதனை இவ்வூரார் நெஞ்சிலே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திற்குச் சென்றது. அவ்வாழத்திலே பாறை வெடித்து எத்தனை உயிர்கள் மாய்ந்தன! கல்தூசு நுரையீரலிற் படிந்து எத்தனை பேர் இருமி இருமி ஓய்ந்தனர்! அவர்கள் முன்வினையா அவர்களைக் கொன்றது? அன்று. பாறையின் அழுத்தமும் கல்லின் தூசும் கொன்றன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தனவே, அதுவும் அவர்கள் பாவத்தின் சம்பளமா? அன்று. காரணத்தை அறிந்து துன்பத்தை நீக்க முயல்வதே பௌத்தம். மாண்டவன்மேல் பழியைப் போடுவது அதர்மம். ஆகவே வினை உடன்வரும் என்று யான் சொல்லும்போது, இறந்தவன் எப்படி இறந்தான் என்பதைச் சொல்லவில்லை. எப்படி வாழ்ந்தான் என்பதையே சொல்கிறேன்.

இனி அந்த இளைஞரிடம் யான் கூறியதைச் சொல்லி முடிக்கிறேன். அன்று அவரிடம் வாதாடவில்லை. ஏழாம் நாள் பரித்தம் ஓதிய பின், "தம்பி, தந்தையாரைப் பற்றி நினைத்ததும் முதலில் தோன்றுவது எது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து பின்னர் கூறினார்: "எங்கள் லைனில் ஒருவர் சுரங்கத்தில் இறந்துவிட்டார், ஐயா. அவர் பிள்ளைக்கு அப்பாதான் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டி வந்தார். எங்களுக்கே போதாத காலம். அம்மா சண்டை போடுவார்கள். அப்படியும் அவர் நிறுத்தவில்லை." அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்றேன். அவர் திகைத்து நிமிர்ந்து, "அண்ணன் பெங்களூரிலிருந்து வந்திருந்தாரே! பாடையை முன்னே தூக்கியவர் அவர்தாம்" என்றார்.

"தம்பி, கூட வந்தது எது என்று பாட்டு கேட்டதே, அன்று முன்னே நடந்து வந்ததை நீ பார்க்கவில்லையா?" என்றேன். அவர் அழுதார். இம்முறை அழுகையிலே மது இல்லை. மறுபடியும் குடிக்கவே இல்லை என்று யான் உறுதி கூற மாட்டேன். சீலம் ஒரே நாளில் காய்க்கும் மரமன்று. ஆனால் இப்போது அவர் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலே சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

அன்பர்களே! பாட்டை வெறுக்காதீர்கள், பாட்டிற்கு அடிமையுமாகாதீர்கள். ஒரு பாட்டு உங்களைப் பற்றிக்கொண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது என்ன சொல்கிறது? இது என் உள்ளத்திலே எதனை வளர்க்கிறது? இது சொல்லாமல் விட்டது யாது? துக்க வீட்டிலே பாட்டு ஒலித்தால், அது முடிந்த பின் சிறிது நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி, இறந்தவர் செய்த நற்செயல் ஒன்றை அவரை அறிந்தவர் எழுந்து கூறட்டும். பின்னர் திரிசரணம் ஓதுங்கள். பாட்டு கேட்ட கேள்விக்கு அதுவே விடையாகும்.

வீடு தங்கிவிடும்; தெரு தங்கிவிடும்; பொன் விளைந்த இம்மண்ணும் தங்கிவிடும். சயனைடு மேடுகளைப் பாருங்கள்: பொன் எங்கோ போயிற்று, இங்கே மணல் கிடக்கிறது. ஆனால் அக்கூலியிலிருந்து நம் முன்னோர் ஈந்த காசு அறிவாய், சங்கமாய், நாமாய் இங்கே அமர்ந்திருக்கிறது. உடன் வருவது எது என்று இனி எவரேனும் கேட்டால், அஞ்சாது விடை கூறுங்கள்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருப்பனவாக!

சாது! சாது! சாது!